குறைநிறை விண்மீன்களின் கிரகண இரட்டைகள்: ஒளி வளைவிலிருந்து நிறையும் ஆரமும் கணக்கிடுவது எப்படி?

சூரியனைவிடச் சிறிய, செந்நிறமான குள்ள விண்மீன்கள் நம் பால்வெளியில் பெரும்பான்மை. ஆனாலும் அவற்றின் ஆரத்தை நேரடியாக அளக்க வழிகள் மிகக் குறைவு. ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள் நம் பார்வைக்கோட்டில் மாறிமாறி மறைத்துக்கொண்டால் அந்த வழி திறக்கிறது. ஒளி எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரம் குறைகிறது, இரண்டும் எந்த வேகத்தில் நகர்கின்றன என்ற மூன்றையும் சேர்த்தால் நிறையும் ஆரமும் வெறும் வடிவியலிலிருந்தே கிடைத்துவிடும். விண்மீன் உட்கட்டமைப்புக் கோட்பாடு எதையும் நம்ப வேண்டியதில்லை.

அப்படி அளந்த ஆரங்கள் கோட்பாடு சொல்வதைவிடப் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் பெரிதாக இருக்கின்றன, மேற்பரப்பு வெப்பநிலை சில சதவீதம் குறைவாக இருக்கிறது. இந்தத் துறையின் மையக் கேள்வி இதுதான். அதனால் ஒரு எண்ணை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: ஆரத்தின் பிழை 3 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால், விண்மீன் உண்மையிலேயே உப்பியிருக்கிறதா, அளவீடு உப்பியிருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்த 3 சதவீதத்தில் இது எவ்வளவைத் தின்கிறது என்று கேட்டபடியே செய்யுங்கள்.

முதலில் விடை தெரிந்த ஒன்றில் பழகுங்கள்

புதிய இலக்கில் கைவைப்பதற்கு முன், நன்கு அளக்கப்பட்ட ஒன்றை முழுமையாகச் செய்து பார்ப்பது நல்லது. அதற்குச் சிஎம் டிரகோனிஸ் என்ற கிரகண இரட்டையைவிடப் பொருத்தமானது இல்லை. சுற்றுக்காலம் 1.26839 நாள். நிறைகள் சூரியனின் நிறையில் 0.231, 0.214. ஆரங்கள் சூரிய ஆரத்தில் 0.253, 0.240. டெஸ் விண்கலம் இதைப் பல செக்டர்களில் (ஏறத்தாழ 27 நாள் நீளும் கண்காணிப்புத் தவணைகளில்) படம் பிடித்திருப்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை.

இதன் வேகவீச்சுகள் (பார்வைக்கோட்டில் ஒவ்வொரு விண்மீனின் வேகமும் நடுமதிப்பிலிருந்து அடையும் உச்ச விலகல்) வினாடிக்கு 72.23 கிமீ, 77.95 கிமீ. சூத்திரம் இது: முதல் விண்மீனின் நிறை = 1.0361 × 10⁻⁷ × (இரு வீச்சுகளின் கூட்டுத்தொகை)² × மற்ற விண்மீனின் வீச்சு × நாள்களில் சுற்றுக்காலம். வட்டப்பாதை, அதை விளிம்புப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் (சாய்வு 90 பாகை) என்று கொண்டால் இது அப்படியே பொருந்தும். இல்லையென்றால் சாய்வுக்கோணத்தின் சைன் மும்மடியால் வகுக்க வேண்டும், மையத்தொலைத்தகவுக்கான (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதற்கான) திருத்தமும் சேரும். எண்களைப் போட்டால் 0.231 வருகிறது. இரு விண்மீன்களுக்கும் இடையிலான தூரம் = 0.01976 × வீச்சுகளின் கூட்டுத்தொகை × சுற்றுக்காலம், அதாவது 3.76 சூரிய ஆரம். ஆரங்களின் கூட்டுத்தொகையை இந்தத் தூரத்தால் வகுத்தால் 0.131. கிரகணம் நீடிக்கும் நேரம் சுமாராக அந்த எண்ணைச் சுற்றுக்காலத்தால் பெருக்கி 3.14ஆல் வகுத்தது: 76 நிமிடம். இந்தச் சங்கிலியைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு, பிறகு மென்பொருள் தவறான விடை தந்தால் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு அடுத்து ஒய்ஒய் ஜெமினோரம். காஸ்டர் என்ற அறுவிண்மீன் தொகுதியின் ஒரு பகுதி. காலம் 0.814 நாள், இரண்டும் ஏறத்தாழ 0.6 சூரிய நிறை. இதில் கரும்புள்ளிகளின் தொல்லை அதிகம் என்பதால் இரண்டாம் பயிற்சிக்கு ஏற்றது.

இலக்கைத் தேர்ந்தெடுத்தல்

விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கயா விண்கலத்தின் தரவுத்தொகுப்பில் நீல–சிவப்பு நிறக்குறியீடு 1.8க்கு மேல் உள்ளவை ஏறத்தாழ எம் வகைக் குள்ள விண்மீன்கள். இடமாறு தோற்றத்தைக் கொண்டு தனி ஒளிப்பொலிவைக் கணக்கிட்டு, சிவப்பு ராட்சதங்களை முதலில் ஒதுக்குங்கள். ஒரே அளவுள்ள இரு விண்மீன்கள் சேர்ந்திருந்தால், நிறம்–பொலிவு வரைபடத்தில் அந்தப் புள்ளி சாதாரண விண்மீன்கள் அமையும் முதன்மைத் தொடருக்கு 0.75 பொலிவெண் மேலே நிற்கும். அது நல்ல அறிகுறி.

ஒளி வளைவில் கிரகணங்கள் கூர்மையாகவும், இடைப்பட்ட பகுதி ஏறத்தாழத் தட்டையாகவும் இருக்க வேண்டும். தொடர்ந்து வளைந்துகொண்டே போனால் இரண்டும் ஒட்டிய இரட்டை, அதை விட்டுவிடுங்கள். பொருள் பரிமாறிக்கொள்ளும் விண்மீன்களின் ஆரம் தனி விண்மீன்களின் கோட்பாட்டைச் சோதிக்க உதவாது.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 வில்வினாடி அகலம். அதற்குள் பக்கத்து விண்மீன்கள் சாதாரணமாக வந்து விழும். கிரகணம் உங்கள் இலக்கினுடையதா, அருகிலிருக்கும் வேறொன்றினுடையதா என்று பார்க்க, கிரகணத்தின்போது ஒளிமையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிக்சல் தரவில் சோதியுங்கள். தரையிலிருந்து ஒரே ஒரு கிரகணத்தைச் சிறு தொலைநோக்கியில் பிடித்தாலும் இந்தச் சந்தேகம் முடிந்துவிடும். கயாவின் ரூவி மதிப்பு (தனி விண்மீன் என்று கொண்டு பொருத்தியது எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண்) 1.4க்கு மேல் இருந்தால் மூன்றாவது துணை ஒன்று இருக்க வாய்ப்புண்டு. விலக்க வேண்டியதில்லை, ஆனால் மூன்றாம் ஒளியை (இரட்டைக்கு வெளியேயிருந்து கலக்கும் ஒளியை) கணக்கில் கொள்ளத் தயாராக இருங்கள்.

சுற்றுக்காலம்

பெட்டிப் பொருத்த முறையில் (பெட்டி வடிவ ஒளிக்குறைவு எந்த இடைவெளியில் திரும்ப வருகிறது என்று தேடும் முறையில்) காலம் தேடும்போது, ஏறத்தாழச் சமமான இரு விண்மீன்கள் உங்களை ஏமாற்றும். இரு கிரகணங்களும் ஒரே ஆழத்தில் இருப்பதால் நிரல் உண்மையான காலத்தில் பாதியைக் காட்டும். கிடைத்த காலத்திலும் அதன் இரட்டிப்பிலும் ஒளி வளைவை மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பாருங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கிரகணங்களின் ஆழத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் இரட்டிப்புதான் சரி.

27 நாள் கொண்ட ஒரு செக்டர் மட்டுமே கையில் இருந்தால் அங்கேயே நிற்காதீர்கள். காலத்தில் 0.0001 நாள் பிழை என்று வைத்துக்கொள்வோம். 1.27 நாள் கொண்ட இரட்டை ஓராண்டில் 288 சுற்று முடிக்கும், பிழை 41 நிமிடமாகப் பெருகும். அடுத்த ஆண்டு நிறமாலை எடுக்கும்போது கட்டத்தில் (ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு கடந்தது என்ற எண்ணில்) 2 சதவீதத்துக்கு மேல் தவறியிருப்பீர்கள். மற்றொரு செக்டரையோ, ஆண்டுக்கணக்கில் வானத்தைத் துழாவும் ஏசாஸ்-எஸ்என், இசட்டிஎஃப் போன்ற கணக்கெடுப்புகளின் பழைய தரவையோ சேர்த்துக் காலத்தை இறுக்குங்கள்.

நேரக் குறிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும்: சூரியக் குடும்ப நிறைமையத்துக்குத் திருத்திய ஜூலியன் நாள், சீரான இயக்க நேரத்தில். பூமியின் சுற்றுப்பாதையால் மட்டும் 8 நிமிடம் வரை விலகும். கணினிக் கடிகாரத்தின் உலக நேரத்துக்கும் சீரான நேரத்துக்கும் 2017 முதல் 69.184 வினாடி வேறுபாடு. கேமரா பதிவது வெளிப்பாட்டின் தொடக்க நேரமா நடு நேரமா என்பதையும் உறுதிசெய்யுங்கள். 90 வினாடி வெளிப்பாட்டில் இதைத் தவறவிட்டால் 45 வினாடி நகர்ந்துவிடும்.

ஒளி வளைவைத் தயாரித்தல்

டெஸ் தரவில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, தட்டையாக்கும் நிரல் கிரகணத்தையே தின்றுவிடுவது. லைட்கர்வ் மென்பொருளில் தட்டையாக்கும் கட்டளையை அப்படியே ஓட்டினால் கிரகணத்தின் தோள்கள் உயர்ந்து, ஆழம் குறையும். கிரகணங்களையும் அவற்றின் இருபுறமும் கால்மணி நேரத்தையும் மறைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் வளைவு பொருத்தி, அதைக் கிரகணத்தின் ஊடே நீட்டுங்கள். விலகிய புள்ளிகளை வெட்டும்போது மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள். அங்கேதான் ஃப்ளேர் வெடிப்புகள் இருக்கும், கீழ்ப்பக்கம் இருப்பது உங்கள் கிரகணம்.

டெஸ் தரும் திருத்திய ஒளியளவில் பக்கத்து விண்மீன்களின் கலப்பு ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், திருத்தாத எளிய துளை ஒளியளவில் கழிக்கப்பட்டிருக்காது. எதை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து மூன்றாம் ஒளியின் தொடக்க மதிப்பு மாறும். அரைமணி இடைவெளித் தரவைப் பயன்படுத்தினால் 76 நிமிடக் கிரகணம் மழுங்கிவிடும். மாதிரி வளைவையும் ஒவ்வொரு வெளிப்பாட்டுக்குள்ளும் பத்துத் துண்டாகக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். 2 நிமிடத் தரவு இருக்கும் இலக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தரையிலிருந்து எடுப்பதென்றால் ஐ அல்லது ஸ்லோன் ஐ வடிகட்டி. இந்த விண்மீன்கள் அங்கேதான் அதிகம் ஒளிர்கின்றன, கரும்புள்ளிகளின் மாறுபாடும் ஃப்ளேரும் அங்கே அடங்கியிருக்கும். இன்னும் சிவப்பான இசட் வடிகட்டி கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் பின்புறம் ஒளிவாங்கும் மெல்லிய சில்லுகளில் குறுக்கீட்டு வரிகள் விழும், காற்றின் நீராவி மாறும்போது அளவும் ஊசலாடும். ஒப்பீட்டு விண்மீன்களை நிறத்தில் எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகத் தேர்ந்தெடுங்கள். நீலமான ஒப்பீட்டு விண்மீன் இருந்தால், வானில் உயரம் மாறமாற ஒளி வளைவு பொய்யாகச் சாயும். புலத்தில் கிடைக்கும் சிவப்பானவை பெரும்பாலும் ராட்சதங்கள், அவையே மாறுவிண்மீன்களாக இருக்கக்கூடும் என்பதால் ஒன்றோடொன்று சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கிரகணத்துக்கு முன்னும் பின்னும் தலா 45 நிமிடமாவது எடுக்க வேண்டும், சாய்வைத் திருத்த அதுதான் பிடிமானம். ஒரு கிரகணத்துக்குள் குறைந்தது 50 புள்ளிகள் விழும்படி வெளிப்பாட்டை அமையுங்கள். வடிகட்டியை மாற்றிமாற்றி எடுப்பதைவிட ஒரு கிரகணம் முழுவதையும் ஒரே வடிகட்டியில் எடுப்பது மேல்.

நிறமாலையும் வேகமும்

நிறை என்பது வேகத்தின் மும்மடியைச் சார்ந்தது. இரண்டு வீச்சுகளிலும் தனித்தனியே 0.5 சதவீதப் பிழை இருந்தால் நிறையில் 1.1 சதவீதம் வரும். இடைத்தூரத்தில் 0.35 சதவீதம்தான். ஆக நிறைக்கு நிறமாலையே எஜமான், ஆரத்துக்கு ஒளி வளைவே எஜமான்.

பிரிதிறன் 20,000க்குக் குறையாத நிறமாலைமானி வேண்டும். அது வினாடிக்கு 15 கிமீ-க்குச் சமம். சுழற்சியும் கோடுகளை அகலப்படுத்தும்: பாதைக்காலத்தோடு ஒத்துச் சுழலும் விண்மீனின் நடுக்கோட்டு வேகம் = 50.6 × ஆரம் ÷ காலம். சிஎம் டிரகோனிஸ் போன்றவற்றுக்கு 10 கிமீ, அரைநாள் காலமும் 0.6 சூரிய ஆரமும் கொண்டவற்றுக்கு 60 கிமீ. பின்னதில் பிரிதிறன் எவ்வளவு கூடினாலும் கோடு கூர்மையாகாது.

கட்டம் 0.15–0.35, 0.65–0.85 ஆகிய இரு சாளரங்களில்தான் எடுக்க வேண்டும். இரண்டிலும் சமமாக, மொத்தம் 12 முதல் 15 நிறமாலைகள். இணைவுக்கு (இரு விண்மீன்களும் நம் பார்வைக்கோட்டில் வரிசையாகும் நேரத்துக்கு) அருகில் எடுத்தால் வேகம் காட்டும் ஒப்புமை வளைவில் இரு விண்மீன்களின் சிகரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒன்றையொன்று இழுக்கும், வேகவீச்சு உண்மையைவிடக் குறைவாக வரும். ஒரு வெளிப்பாடு காலத்தின் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1.27 நாளுக்கு 36 நிமிடம், அரைநாளுக்கு 14 நிமிடம்.

வேகத்தை எடுக்க இருபரிமாண ஒப்புமை முறையான டாட்கார் இன்றும் நம்பகமானது, 1994 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. வார்ப்பாக, அதே கருவியில் எடுத்த, வேகம் தெரிந்த, ஒரு துணைவகைக்குள் பொருந்தும் எம் குள்ள விண்மீனையே வையுங்கள். டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் நிறைந்த 705 நானோமீட்டர்ப் பகுதி நல்ல விளைச்சல் தரும். 687, 760 நானோமீட்டர் அருகே பூமியின் ஆக்சிஜன் கோடுகள் இருப்பதால் அவற்றை வெட்டிவிடுங்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வு இரு விண்மீன்களிலும் பளிச்சென்று தெரியும், ஆனால் அது காந்தப் பகுதிகளிலிருந்து வருவதால் வேகத்துக்கு அதை நம்பக் கூடாது. துணை மிக மங்கலாக இருந்தால் அகச்சிவப்பில் 2.3 மைக்ரோமீட்டர் அருகிலுள்ள கார்பன் மோனாக்சைடு பட்டைகளுக்குப் போங்கள்.

நிறைமையத் திருத்தம் வினாடிக்கு 30 கிமீ வரை போகும். சில கருவிகளின் தானியங்கிச் செயலாக்கம் அதை ஏற்கெனவே சேர்த்திருக்கும். இருமுறை சேர்த்தால் பாதை கலைந்துவிடும்.

பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு விண்மீனின் வேகத்தைக் கிடையச்சிலும் மற்றதன் வேகத்தைக் குத்தச்சிலும் இடுங்கள். காலமோ கட்டமோ எதுவும் தெரிய வேண்டாம், புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். சாய்வு நிறைவிகிதத்தைத் தரும். விலகி நிற்கும் புள்ளி எதுவானாலும் அது கலந்துபோன சிகரம், அல்லது முதலாவதையும் இரண்டாவதையும் மாற்றிக் குறித்த நிறமாலை. 1941இல் வில்சன் காட்டிய இந்த எளிய வழியை இன்று பலர் மறந்துவிடுகிறார்கள். அது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் பெரிய நிரல்கள் கண்டுபிடிக்காத பிழையை இது ஒரே பார்வையில் காட்டிவிடும்.

டாட்கார் இன்னொன்றையும் தருகிறது: இரு விண்மீன்களின் ஒளிவிகிதம். அதைக் குறித்து வையுங்கள், அடுத்த படியில் அது இல்லாமல் நகர முடியாது.

மாதிரி பொருத்துதல்

நன்கு விலகிய இரட்டைகளுக்கு ஜேகேடி-எபாப் என்ற பொருத்தும் நிரல் வேகமானது, போதுமானது. வடிவச் சிதைவும் கரும்புள்ளிகளும் முக்கியமானால் ஃபீபி என்ற நிரல். எதுவானாலும் தேட வேண்டியவை இவை: ஆரங்களின் கூட்டுத்தொகை, ஆரங்களின் விகிதம், சாய்வு, பரப்பொளிர்வு (ஓர் அலகுப் பரப்பின் பிரகாச) விகிதம், மையத்தொலைத்தகவின் இரு கூறுகள், மூன்றாம் ஒளி, விளிம்பு மங்கல் (வட்டின் விளிம்பு நடுவைவிட மங்கலாகத் தெரிவது) கெழுக்கள், காலமும் தொடக்க நேரமும்.

எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் தொடக்க மதிப்புகளைக் கையாலேயே எழுதலாம். வட்டப்பாதையில் இரு கிரகணங்களிலும் மறைபடும் பரப்பு ஒன்றே, ஆகவே ஆழங்களின் விகிதமே பரப்பொளிர்வு விகிதம். இரண்டாம் கிரகணம் 0.5 கட்டத்திலிருந்து விலகியிருந்தால் மையத்தொலைத்தகவின் ஒரு கூறும், இரு கிரகணங்களின் நீளம் வேறுபட்டால் மறு கூறும் கிடைக்கும். வெப்பச்சலன உறை கொண்ட விண்மீன்களுக்கு ஈர்ப்பு மங்கல் அடுக்கை 0.32 என்றும், எதிரொளிப்பை 0.5 என்றும் நிலைநிறுத்துவது வழக்கம். விளிம்பு மங்கலில் ஒரு கெழுவைத் தளர்த்தி, மற்றதைக் கோட்பாட்டு அட்டவணையில் நிறுத்துங்கள்.

இப்போது முக்கியமான பொறி. பகுதிக் கிரகணத்தில் ஆரங்களின் கூட்டுத்தொகை ஒரு சதவீதத்துக்குள் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் விகிதம் கிடைக்காது: ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தாலும் வளைவு ஏறத்தாழ மாறாது. நிரல் ஏதோ ஒரு விடையைத் தரும், பிழையும் சிறிதாகவே காட்டும். அங்கேதான் நிறமாலை ஒளிவிகிதம் கைகொடுக்கிறது. ஒளிவிகிதம் என்பது பரப்பொளிர்வு விகிதத்தை ஆரவிகிதத்தின் இருமடியால் பெருக்கியது. ஒளிவிகிதத்தில் 5 சதவீதப் பிழை இருந்தாலும் ஆரவிகிதத்தில் 2.5 சதவீதம்தான் வரும். அதை முன்நிபந்தனையாகக் கொடுங்கள். அது இல்லையென்றால், கூட்டுத்தொகையை மட்டும் முடிவாக வெளியிடுவதே நேர்மை. மூன்றாம் ஒளியும் இதே போலச் சாய்வோடு பின்னிக்கொள்ளும், கயா காட்டும் அண்டை விண்மீன்களிலிருந்து அதற்கு ஒரு எல்லை வகுத்துவிடுங்கள்.

கரும்புள்ளிகள்: பெரும் பிழை இங்கேதான்

சுழற்சி பாதையோடு ஒத்துப்போவதால், புள்ளிகளால் வரும் ஏற்றத்தாழ்வும் அதே காலத்தில் வரும். மடித்துப் பிரித்தெடுக்க முடியாது. வாரக்கணக்கில் அவை உருமாறவும் செய்யும். அதனால் பல செக்டர்களை ஒன்றாக மடித்து ஒரே வளைவு செய்யும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள்.

மறைபடாத இடத்தில் புள்ளி இருந்தால், மறைபடும் பகுதி சராசரியைவிடப் பிரகாசமானது, கிரகணம் ஆழமாகத் தெரியும். புள்ளியே மறைபட்டால் கிரகணத்தின் அடியில் சிறு மேடு எழும். இவற்றைவிட ஆபத்தானது துருவப் புள்ளி: அது எப்போதும் தெரிவதால் ஒளி வளைவில் எந்த ஏற்ற இறக்கமும் காட்டாது, ஆனால் ஆழத்தை மாற்றி ஆரத்தையே நகர்த்திவிடும்.

போக்கை நீக்கும்போது வகுப்பதா கழிப்பதா என்பதும் சிறு விஷயமல்ல. 3 சதவீத ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில், வகுத்தால் கிரகண ஆழமும் அதே 3 சதவீதம் அளவுக்கு மாறும், கழித்தால் மாறாது. புள்ளி எந்த விண்மீனில் இருக்கிறது என்று தெரியாதவரை எது சரி என்று சொல்ல வழியில்லை. இரண்டையும் செய்து, ஆரங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்து, அந்த வேறுபாட்டைப் பிழையில் சேர்ப்பதே பாதுகாப்பு.

மிகப் பயனுள்ள சோதனை, ஒவ்வொரு கிரகண இணையையும் தனித்தனியே பொருத்துவது. கூட்டுத்தொகையும் விகிதமும் ஒரு கிரகணத்திலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு சிதறுகின்றன என்பதே உங்கள் உண்மையான பிழைக்கு நெருக்கமான மதிப்பு. நிரல் 0.2 சதவீதம் என்று எழுதினாலும் சிதறல் 1.5 சதவீதம் என்றால், 1.5ஐத்தான் எழுத வேண்டும். எச்சங்களைச் சுழற்சியாக நகர்த்தி மீண்டும் மீண்டும் பொருத்தும் முறையும் உண்டு, ஜேகேடி-எபாப்பில் அது ஒன்பதாம் பணி. மார்க்கோவ் சங்கிலி மாதிரியெடுப்பு (எம்சிஎம்சி) மட்டும் செய்தால் ஒன்றோடொன்று தொடர்புள்ள இரைச்சலை அது கவனிக்காமல் விட்டுவிடும்.

எண்களைக் கோட்பாட்டின் முன் வைத்தல்

ஆரங்களைக் கிலோமீட்டரிலிருந்து மாற்ற, பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2015இல் நிர்ணயித்த 695,700 கிமீ என்ற சூரிய ஆரத்தையே எடுங்கள். பழைய மதிப்புகளோடு கலந்தால் தேவையில்லாத வேறுபாடு வரும்.

வெப்பநிலையில் அடக்கம் தேவை. ஒளி வளைவு தருவது விகிதம் மட்டும். தனி மதிப்புக்குக் கயா தூரமும் பல அலைநீளப் பொலிவுகளும் வேண்டும், 100 கெல்வின் பிழை இயல்பு.

நிறை–ஆர வரைபடத்தில் உங்கள் புள்ளிகளை வைப்பதற்கு முன் வயதைக் கேளுங்கள். இந்த விண்மீன்கள் சுருங்கி நிலைபெறச் சில பத்துக் கோடி ஆண்டுகள் எடுக்கும். இளம் இரட்டையின் பெரிய ஆரம் வெறும் இளமையாக இருக்கலாம். விண்வெளி வேகமும் லித்தியம் கோடும் இதற்கு உதவும். சிஎம் டிரகோனிஸுடன் சேர்ந்தே நகரும் வெண்குள்ள விண்மீன் ஒன்று இருப்பதால் அதன் வயதை அங்கிருந்து மதிப்பிட முடிகிறது. அந்த இரட்டையின் ஆரங்கள் மாதிரிகளைவிட ஏறத்தாழ 5 சதவீதம் பெரிது.

உலோகச்செறிவு தெரியாவிட்டால் ஒரே மாதிரி வரியோடு ஒப்பிடாமல், நியாயமான எல்லைக்குள் பல வரிகளோடு ஒப்பிடுங்கள். விண்மீன் மாதிரிகளின் டார்ட்மவுத் தொகுதியும் பராஃப் குழுவின் 2015 தொகுதியும் இந்த நிறைகளுக்கு வழக்கமான தேர்வு. இரண்டோடும் விலகினால்தான் அது பேசத்தக்க விலகல்.

உப்பலுக்குக் காந்தப்புலமே காரணம் என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். வேகமாகச் சுழலும் நெருங்கிய இரட்டைகளில் காந்தச் செயல்பாடு வெப்பச்சலனத்தைத் தடுக்கிறது என்பது வலுவான விளக்கம்தான். ஆனால் 2011இல் விவரிக்கப்பட்ட, 41 நாள் காலம் கொண்ட எல்எஸ்பிஎம் ஜே1112+7626 போன்ற அகன்ற இரட்டையிலும் ஆரங்கள் மாதிரியைவிடச் சில சதவீதம் பெரிதாகவே வந்தன, அவ்வளவு தள்ளியிருப்பவற்றைப் பரஸ்பர ஈர்ப்பு வேகமாகச் சுழற்ற முடியாது. 0.35 சூரிய நிறைக்குக் கீழே விண்மீன் முழுவதும் வெப்பச்சலனம் என்பதால் அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றைத் தனித்தனியே பாருங்கள். நீண்ட காலம் கொண்ட, முழு வெப்பச்சலன இரட்டைகள் இன்னும் மிகக் குறைவாகவே அளக்கப்பட்டிருக்கின்றன. 10 நாளுக்கு மேல் காலம் கொண்ட ஒன்று ஒரே செக்டரில் இரண்டு கிரகணங்களோடு கண்ணில் பட்டால், அரைநாள் இரட்டைகள் பத்தை விட்டுவிட்டு அதற்கு நேரம் கொடுங்கள்.